ஏழு மாசக் கிழங்கு

சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் தையற்காரி, அவள் வலப்புறம் கணவர், இடப்புறம் தம்பி, எதிரே மகள். நடுவில் ஒரு தட்டு நிறையச் செலரியாக் என்னும் சீமைக் கிழங்கின் நாற்று. ஒவ்வொன்றும் நூல் கனம்தான்.

"முள்ளங்கி போடும்மா. ஒரே மாசத்துல பிடுங்கிடலாம்," என்றாள் மகள்.

"கீரைன்னா இன்னும் சீக்கிரம்," என்றார் கணவர்.

"இதைத்தான் நடுவேன்."

தம்பி ஒரு நாற்றைத் தூக்கிப் பார்த்தான். "அக்கா, இது கிழங்கு வைக்க ஏழு மாசமாகும். மண்ணு காயாம தண்ணி ஊத்தணும். கடைசியில அத்தான் மூஞ்சி மாதிரி கரடுமுரடா ஒரு உருண்டை வரும். அதுக்கா இந்தப் பாடு?"

"அந்த மூஞ்சியோடயே குடும்பம் நடத்திட்டேன். இது என்ன பிரமாதம்?"

கணவரே சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்க மாமா. அம்மா, சொன்னாக் கேளு. பாதியிலேயே..."

"பாதியில என்னடி? வாயைத் திறந்து சொல்லு."

"டாக்டர் உனக்கு மூணு மாசம்தான்னு சொல்லிட்டாரேம்மா!"

தையற்காரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் அளவெடுத்துத் தைச்ச சட்டையே எத்தனை தடவை அளவு தப்பியிருக்கு! டாக்டர் அளவு மட்டும் தப்பாதா? நட்டவளே பிடுங்குவா, போ."

அங்கேயே டாக்டருக்குக் கடிதம் எழுதினாள். அறுவடை விருந்துக்குக் கட்டாயம் வரவேண்டும். சூப்பா, வறுவலா என்பதை இப்போதே தெரிவிக்கவும்.

உறையை ஒட்டிக் கணவரிடம் நீட்டினாள்.

"எனக்கு வறுவல்," என்று சொல்லிவிட்டு, அவர் அதைத் தபாலில் போடக் கிளம்பினார்.