எருமை மந்தாரையின் விசாரணை

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

வாயில் ஒன்றுமில்லை.

மெத்தையின் நடுவில் சம்மணமிட்டு, போர்வையை இடுப்புவரை சுற்றிக்கொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல் அப்பாவையே பார்த்தபடி, வெறும் வாயை நிதானமாக மென்றாள்.



இது யார் சொல்லிக்கொடுத்தது என்று அவனுக்குத் தெரியும். மந்தாரை.

மந்தாரை ஓர் எருமை. சிறுவர் கதைப் புத்தகங்களில் துப்பறிகிறது. எல்லாப் புத்தகத்தையும் அவன்தான் வாங்கித் தந்தான். வாசித்தும் காட்டினான். குரல் மாற்றி வேறு.

மற்ற துப்பறிவாளர்கள் ஓடுவார்கள். மோப்பம் பிடிப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். மந்தாரை எதுவும் செய்யாது. எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கும். பிறகு குட்டையில் போய் உட்கார்ந்து, குற்றவாளியைப் பார்த்து அசைபோடும். அவ்வளவுதான். அவனே வந்து சொல்லிவிடுவான்.

நரி மூன்று பக்கம் தாங்கியது. கீரி ஒன்றரைப் பக்கம்.

எருமைக்கு என்ன தெரியப்போகிறது என்று எல்லோரும் அதன் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். அதுதான் அதன் பலம். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. அவர்கள் முன்னாலும் நாம் அப்படித்தான் பேசுகிறோம்.

அட்டையில் ‘ஆறு வயது முதல்’ என்று போட்டிருந்தது. பெற்றோர் கவனத்துக்கு என்று ஒன்றுமே போடவில்லை.

அவன் மகள் நிறைமதிக்குப் போன மாதம்தான் ஆறு முடிந்தது.

கேள்வியை அவள் கண் விழித்ததுமே கேட்டுவிட்டாள்.

“சட்னி எங்கப்பா?”

சட்னி என்பது பூனை. முந்தாநாள் வரை இந்த வீட்டில் இருந்தது. அதன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறது என்று நேற்று சொல்லியிருந்தான். எந்த ஊர் என்றதற்கு விருதுநகர் என்றும் சொல்லிவிட்டான். ஏன் விருதுநகர் என்று அவனுக்கே தெரியாது.

பல் தேய்க்கக் கூப்பிட்டான். வரவில்லை.

பால் ஆறுகிறது என்றான். மென்றாள்.

கார்ட்டூன் போடட்டுமா என்று கேட்டான். லஞ்சம் கொடுப்பவனின் குரல் தன் வாயிலிருந்தே வந்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

சமையலறையில் மனைவி சுகந்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கைகொடுப்பாளா என்று எட்டிப் பார்த்தான். தன்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று நேற்றே ஒதுங்கிக்கொண்டவள். இப்போதும் திரும்பவில்லை.

“பச்சப்புள்ள பாக்குறதுக்கே இப்படி வேர்க்குது. போலீஸ் பாத்தா என்ன ஆவீங்களோ.”

மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அவனுக்கு நீளமான கீறல்கள். ரோஜா முள் என்று சொல்லியிருந்தான். வீட்டில் ரோஜாச் செடி கிடையாது. முழுக்கைச் சட்டை மட்டும் இருந்தது. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நிறைமதியின் பார்வை கீறலில் நின்றது. அங்கிருந்து கதவுக்குப் பின்னால் தொங்கிய சாக்குக்குப் போனது. திரும்பவும் கீறலுக்கு வந்தது.

மென்றாள்.

பூனையைப் பற்றி அல்ல அவன் பயம். அவன் சொன்ன எதையும் இந்தக் கண்கள் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. நிலா நம்முடனேயே நடந்து வருகிறது என்றான், நம்பின. ஊசி எறும்புக்கடி மாதிரிதான் என்றான், நம்பின. குத்திய பிறகும் நம்பின.

இனி இவை வேறு மாதிரிப் பார்க்கும். எப்படி என்று தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்தான். சொன்னான்.

சாக்கில் பிடித்துப் போட்டதை. வண்டியில் முன்னால் வைத்துக் கொண்டுபோனதை. மீன் மார்க்கெட்டின் பின்பக்கம் அவிழ்த்துவிட்டதை. அங்கே பட்டினி மட்டும் கிடக்காது என்பதைக் கேட்காமலேயே இரண்டு தடவை சொன்னான்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

“ஏன்ப்பா?”

இதற்கு அவனிடம் பதில் இருந்தது. நியாயமான பதில். அன்று காலையில் முதல்முறையாக அவன் குரலில் ஓர் அப்பா இருந்தார்.

“உன் மெத்தையில மூத்திரம் போயி வச்சுச்சுடா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ இல்ல. அப்படிப் பண்றத எல்லாம் வீட்ல வச்சிக்க முடியுமா, சொல்லு?”

மெல்லுவது நின்றது.

வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றது.

பிறகு கேட்டாள்.

“மார்க்கெட்ல இருந்து நம்ம வீட்டுக்கு எப்படிப்பா வரணும்?”

அப்பாடா என்றிருந்தது. பூனை திரும்பி வரும் என்று நம்புகிறாள். நம்பட்டும். உற்சாகமாகவே வழி சொன்னான். பாலத்தில் ஏறக்கூடாது, கீழேயே வர வேண்டும். அரிசி ஆலை வரும். அதைத் தாண்டினால் மாடியில் புறாக்கூண்டு வைத்த வீடு. அங்கே இடது பக்கம்.

அவள் உதடுகள் அசைந்தன. பாலத்தில் ஏறக்கூடாது. அரிசி ஆலை. புறாக்கூண்டு. இடது பக்கத்துக்கு, சோறு சாப்பிடாத கையைத் தூக்கிச் சரிபார்த்துக்கொண்டாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள்.

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. இவ்வளவு வழியையும் பூனைக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டான்.

“பூனைக்கு இல்லப்பா.”

சரி, எழுந்து வா என்று அவளைத் தூக்கக் கையை நீட்டினான்.

அவள் போர்வையை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். அதன் ஓரம் நனைந்திருந்தது. மெத்தையின் இரு பக்கமும் விரல்கள் வெளுக்கப் பிடித்துக்கொண்டாள்.