குத்தாத பேட்ஜ்

மழை மூட்டத்தில் மரக்காணம் உப்பளம் ஈயம்போல் கிடக்கிறது. கொட்டகை வாசலில், எப்போதோ சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்த ஏகாம்பரம், குடைச் சின்னம் போட்ட தகர பேட்ஜுகளைச் சாக்கிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். பழைய தேர்தல் பொருள்களைச் சேர்க்கும் சதீஷுக்கு ஆச்சரியம். “இந்த உப்புக் காத்துல எப்படிங்க துருவே புடிக்கல?” “வருசா வருசம் வெளிய எடுத்து, எண்ணெ தடவித்தான் திரும்ப சாக்குல போடுவேன். ஒருத்தனும் குத்திக்கலப்பா, என் மச்சான்கூட!” ஒன்றை மட்டும் பொறுக்கி பிளாஸ்டிக் உறையில் போடுகிறான் சதீஷ். ஏகாம்பரத்தின் பார்வை அவன் சட்டைப்பையிலேயே நிற்கிறது. “ஒரே ஒரு தபா சட்டையில குத்திக்க, பாக்கறேன்.” “ஐயோ, குத்துனா வேல்யூ போயிடுங்க.” தூறல் விழுகிறது. மீதியைச் சாக்கில் அள்ளிப் போடும் ஏகாம்பரம், பக்கத்திலிருக்கும் எண்ணெய்ப் புட்டியைத் தொடவே இல்லை.