லொறித் தட்டின் கீழே

லொறித் தட்டைத் தடியால் தட்டிக்கொண்டே வந்த சிப்பாய், நடுவில் ஓரிடத்தில் நின்று மறுபடியும் தட்டினான். சத்தம் வேறாக இருந்தது.

கஜேந்திரன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து வரும் பாதை மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அந்தச் சோதனைச் சாவடி. இரண்டாயிரத்து ஏழாம் வருடம். சண்டை வடக்கில் நடந்தாலும், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் எங்கேயும் இறங்கி நிற்க வேண்டியிருந்த காலம்.

கஜேந்திரன் என் தங்கை கிருஷாந்தியின் புருஷன். றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருக்கும் நாற்பது லயக் காம்பிராக்களுக்கு வயரிங் செய்யும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. அவன் பெயருக்கென்று வந்த முதல் வேலை. அதற்காகத்தான் இந்தப் பழைய லொறி. அதற்காகத்தான் முந்தின நாள் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனோம்.

வேலை அவனுடையது, மூளை என்னுடையது. கொழும்பில் ஒன்பது வருடம் கடையில் நின்றவனாயிற்றே நான்.

எங்கே நிறுத்தினாலும் லொறியிலிருந்து சாமான் களவு போகும், தட்டுக்குக் கீழே ஒரு கள்ளப் பெட்டி அடி என்று சொன்னது நான். மூடி தெரியாதபடி பழைய பலகையையே மேலே பொருத்தச் சொன்னதும் நான். ஓடும்போதே சார்ஜ் ஏறட்டும் என்று லொறி பேட்டரியிலிருந்து பெட்டிக்குள் வயர் இழுத்ததும் என் கைதான்.

சாமான் வாங்கிய கடையில் அவன் கரண்டில் ஓடும் ட்ரில்லைத்தான் முதலில் எடுத்தான். பாரமானது, கல் சுவருக்கும் தாங்கும். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கூரைக் கட்டையில் துளை போடுவதுபோல் நின்று பார்த்தான். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கரண்டே வராத லயத்துல ப்ளக்க எங்க போயி குத்துவீங்க, மாப்ள?" என்றேன்.

அதைக் கீழே வைத்தான். பேட்டரியில் ஓடும் ட்ரில் ஒன்று, பேட்டரியில் ஓடும் சின்ன வாள் ஒன்று, ஒன்று தீர்ந்தால் மாற்றிப் போட மேலதிகமாக இரண்டு பேட்டரி, வயர் நான்கு சுருள். எல்லாம் நான் தெரிந்தெடுத்தவை.

அவனுக்கு அந்தப் பேட்டரி ட்ரில்லைக்கூடப் பிரிய மனமில்லை. "மச்சான், இத மட்டும் சீட்டுலயே வச்சுக்குவமா?" என்று லொறியை எடுக்கும்போது கேட்டான். சின்னப் பிள்ளையா நீ என்று திட்டி, அதையும் பெட்டிக்குள் போட வைத்தேன்.

சிப்பாய் பலகையை நெம்பினான். மூடி கழன்று வந்தது.

என் புத்திசாலித்தனம் முழுவதும் உள்ளே வரிசையாகக் கிடந்தது. ஒளித்து வைத்த பெட்டி. அதற்குள் பேட்டரிகள், சுருள் சுருளாக வயர், எங்கிருந்தோ அவற்றைத் தேடி வரும் இன்னொரு வயர். பக்கத்தில் இரண்டு தமிழர்கள். குண்டு வைக்க வேறு என்ன வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

முந்தின வருடம் வட்டகொடையில் அழகுமுத்து என்ற ஆளை இதைவிடக் குறைந்த சாமானுக்குப் பிடித்துக் கொண்டு போனார்கள். ஆள் இன்னும் வீடு வரவில்லை.

சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன் வந்தார். வயதானவர், கத்தவில்லை. சிங்களத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வாங்கிய சாமான் என்றால் பில் எங்கே?

கஜேந்திரன் சட்டைப் பையைத் தடவினான். காற்சட்டைப் பைகளைத் தடவினான். பிறகு, பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டான். கை அப்படியே தொடையில் கிடந்தது.

அவனுக்குச் சிங்களம் விளங்கும், பேச வராது. என்னைப் பார்த்தான். சார்ஜனும் என்னைப் பார்த்தார்.

நான் பேசினேன். என் சிங்களத்தில் தமிழ் வாடையே அடிக்காது, அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

இந்த ஆள் யாரென்றே தெரியாது, பஸ் வரவில்லை என்று வழியில் அவிசாவளையில் கை காட்டி ஏறினேன் என்று சொன்னேன்.

பயந்துவிட்டேன். அதற்கு வேறு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

சார்ஜன் இரண்டு அடையாள அட்டைகளையும் வைத்துப் பார்த்தார். அவன் முகவரி றொசல்லை, என் முகவரி கொட்டகலை. உண்மைதானா என்று கஜேந்திரனிடம் கேட்டார்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

பிறகு, யாரும் சொல்லாமலே முன்பக்கம் போய், சீட்டுக்கு அடியில் கிடந்த என் பையை எடுத்து வந்து நீட்டினான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க பையி, ஐயா."

ஹட்டனைத் தாண்டிப் போகும் பஸ்ஸொன்றை அவர்களே மறித்து என்னை ஏற்றிவிட்டார்கள்.

டிக்கட்டுக்குக் காசு எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டேன். நான்காக மடித்த கடை பில் விரலில் தட்டுப்பட்டது. யார் பெயருக்கு எழுத என்று கடைக்காரர் கேட்டபோது என் பெயரைத்தான் சொல்லியிருந்தேன். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் கஜேந்திரன்.

எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார்.

பஸ் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. பின் கண்ணாடியில் லொறி தெரிந்தது.

"கொட்டகலை" என்றேன்.