அரை டாக்டர்

"சாயம் ஏறிச்சா மாப்பிள்ளை?"

ஜவுளிக்கடைக்காரர் கேட்ட தோரணையைப் பார்த்தால், பேச்சு அவர் வயிற்றைப் பற்றியது என்று யாரும் நம்பமாட்டார்கள். கைக்குட்டையை மட்டும் ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை என்றது தங்கை புருஷனை. ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் சொல்கிற டாக்டர். நாடி பிடிப்பதில்லை, ஊசி போடுவதில்லை. அதனால் மச்சான் வைத்த பெயர் 'அரை டாக்டர்'. எந்த விசேஷமானாலும் நாலு பேருக்கு அப்படித்தான் அறிமுகம். டாக்டரின் பிள்ளைகள்கூட அதற்குச் சிரிக்கப் பழகியிருந்தார்கள்.

போன வாரம் மச்சானின் இரைப்பைக்குள் குழாய் விட்டு, ஆரம்பநிலைப் புற்றை வழித்து எடுத்தாகிவிட்டது. ஓரமெல்லாம் சுத்தம். பக்கத்திலேயே, கொஞ்சம் ஆழத்தில், சின்னச் சின்னதாய்ச் சில செல் கொத்துகள்தான் இடித்தன.

புற்று கீழே இறங்கியதாக இருந்தால் இரைப்பையையே எடுக்க வேண்டும். ஹார்மோன் சுரக்கும் செல்கள் சும்மா கும்பல் கூடி உட்கார்ந்திருந்தால் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். சாயம் போட்டால் குட்டு உடைந்துவிடும். பழுப்பேறினால் சாது, ஏறாவிட்டால் புற்று.

மச்சானுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயத்தில் பிழைப்பவர்.

டாக்டர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏறல மச்சான். முழுசா எடுத்துடணும்."

மச்சான் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஆனால் அடுத்த மூச்சில் உள்ளே இருந்த வியாபாரி எழுந்துகொண்டார். எதிராளி சொன்னதில் பாதிக்குக் கேட்காமல் அவர் ஒரு கர்சீப்கூட வாங்கியதில்லை.

"முழுசாவா? அநியாயமா இருக்கே! சொந்தக்காரன்னு ஒரு தயவு வேணாமா? பாதியா முடிச்சுக் குடுங்க."

"கட்டாது மச்சான்."

"அப்படிச் சொல்லாதீங்க, டாக்டர்."

டாக்டர். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'அரை' கழன்று விழுந்திருந்தது.

அந்த ருசியை டாக்டர் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு, நஷ்டத்துக்கு விற்கிறவர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

"சரி, நீங்க இவ்வளவு தூரம் கேக்கறீங்க. பாதி. சர்ஜன்கிட்ட நான் பேசிக்கறேன்."

மச்சான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதவைத் தாண்டியதுமே தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். கூடம் முழுக்கக் கேட்டது.

"முழுசுன்னுதான் ஆரம்பிச்சார். நான் விடுவேனா? பேசிப் பேசிப் பாதியாக் குறைச்சுட்டேன்!"

டாக்டர் மறுபடி லென்ஸில் குனிந்தார்.

கொத்துகள் அத்தனையும் காலையிலிருந்தே பழுப்பேறி, சாதுவாக உட்கார்ந்திருந்தன. நல்ல கெட்டிச் சாயம்.