சனிக்கிழமை டயர்

"மட்டையைக் கீழ போடு தாயி! அந்தத் தகரத்துல ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு நெஞ்சு வலி வந்துடும்!"

கத்தியது வண்டிக்குச் சொந்தக்காரன் கிளேட்டன் இல்லை. அடுத்து தன் முறைக்காகக் காத்திருந்த மெர்ல். ஐம்பது வயதிருக்கும். சாகினா ஊரில் அவரை யாரும் முன்பின் பார்த்ததில்லை.

டயர் கடைக்காரி ரொவீனா பேஸ்பால் மட்டையை இறக்கவில்லை. பின் டயருக்கும் அதன் மேலுள்ள தகர வளைவுக்கும் நடுவே மட்டையைச் செருகி வண்டியை மெல்ல உருட்டினால் விளிம்பு உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். அப்புறம் அகல டயர் போட்டாலும் உரசாது. பந்தயக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

"பெயிண்ட் வெடிக்குமாக்கா?" என்றான் கிளேட்டன்.

"வெடிக்கும். வெடிச்சா என்ன? நீ பந்தயத்துக்குப் போறியா, பொண்ணு பார்க்கப் போறியா?"

கிளேட்டன் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். எழுபதாம் வருடத்து வண்டி. எட்டு சிலிண்டர். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் உலைக்கு முன்னால் வெந்து, ஓவர்டைம் பார்த்து, ஒவ்வொரு போல்ட்டாக வாங்கிச் சேர்த்தது. அந்த ஆரஞ்சு பெயிண்டும் அவனே மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்ததுதான்.

"யாரோட பந்தயம் தம்பி?" என்றார் மெர்ல்.

"தெரியாதுண்ணே. தரகன் பேசி முடிச்சது. கோட்டுல வந்து நிக்கிறவரைக்கும் எதிராளி பேரைச் சொல்ல மாட்டான், இங்க அப்படித்தான். சனிக்கிழமை சாயங்காலம், பழைய விமானத் தளத்துல. காகிதத்துக்குக் காகிதம்."

தோற்றவன் வண்டிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு நடந்து போக வேண்டும்.

"ஆத்தாடி!" மெர்ல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இந்த வண்டியையா பணயம் வச்சே? எஞ்சினைக் கொஞ்சம் உறும விடேன்!"

கிளேட்டன் சாவியைத் திருப்பினான். அலமாரியில் இருந்த ஸ்பானர்கள் கிடுகிடுத்தன. மெர்ல் கைதட்டினார்.

"இந்த எஞ்சினுக்கு டயரே வேணாம்டா! வெறும் ரிம்முலயே ஓடும்!"

"கைதட்டினா வண்டி ஓடாது" என்றாள் ரொவீனா. வரிப்பள்ளமே இல்லாத பந்தய டயர் ஒன்றை உருட்டி வந்தாள். "பத்தரை அங்குல அகலம். தொட்டுப் பாரு, மெழுகு மாதிரி ரப்பர். சூடேறினா தரையைக் கவ்விடும். ஆனா விளிம்பை மடக்கித்தான் ஆகணும்."

"மழை பெஞ்சா?" என்றார் மெர்ல். "சனிக்கிழமை ராத்திரி மழைன்னு ரேடியோவுல சொன்னான். இந்த வழுவழுப்போட வண்டி வீடு போய்ச் சேருமா? பாலத்துல சறுக்கி ஆத்துக்குள்ளதான் போகும்."

"பந்தயம் முடிஞ்சதும் டயரை மாத்திக்கலாம்ல?" என்றாள் ரொவீனா.

"நல்லா இருக்கே! ஜெயிச்சவன் மழையில ஜாக்கி போட்டு உக்காந்திருக்கணுமா?"

கிளேட்டன் சிரித்துவிட்டான். மெர்ல் சுவரில் அடுக்கியிருந்த இன்னொரு டயரை இறக்கினார். ரோட்டு டயர். பக்கவாட்டில் வெள்ளை எழுத்து பளிச்சென்றிருந்தது.

"இருநூத்தி நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர். எட்டு அங்குல ரிம்முல கச்சிதமா உக்காரும். தகரத்தைத் தொட வேணாம். பாரு, என்ன அழகு!"

"அழகுதான்" என்றாள் ரொவீனா. "ரப்பர் கெட்டி. பச்சை விளக்கு விழுந்ததும் நின்ன இடத்துலயே சுத்திப் புகை விடும். எதிராளி போய்க்கிட்டே இருப்பான்."

"ஆக்சிலேட்டர்ல கால் வைக்கத் தெரியாதவனுக்குச் சுத்தும். தம்பி கால் வைக்கத் தெரியாதவனா?"

அந்தக் கேள்வி கிளேட்டனைத் தைத்தது. பெயிண்டைத் தடவிப் பார்த்தான். மட்டையைப் பார்த்தான்.

"இருநூத்தி நாப்பத்தஞ்சே போடுக்கா."

"முன்னாடியாவது ஒல்லி டயர் போடு. எடை குறையும்" என்றாள் ரொவீனா.

"ஒல்லியா போட்டா பிரேக் எப்படிப் பிடிக்கும்? குழந்தை குட்டி குறுக்க வந்தா?" என்றார் மெர்ல். "அதுவும் அகலமாவே இருக்கட்டும்."

ரொவீனா மட்டையை மூலையில் எறிந்தாள். "உன் வண்டி, உன் விதி."

நான்கையும் மாட்டி இறக்கியதும், மெர்ல் டிக்கியைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து குதித்தார்.

"உரசுதா பாரு தம்பி!"

"உரசலண்ணே!"

"என் கனம் பத்தாது. தாயி, நீயும் ஏறு!"

"உதை வேணுமா?" என்றாள் ரொவீனா. ஆனாலும் ஏறினாள். இரண்டு பேரும் குதித்தார்கள். டயருக்கும் தகரத்துக்கும் நடுவே கிளேட்டனின் ஒரு விரல் தாராளமாகப் போய் வந்தது. மூன்று பேருமே கூச்சல் போட்டார்கள்.

கிளேட்டன் மெர்லைக் கட்டிக்கொண்டான். "பந்தயத்துக்கு வந்துடுங்கண்ணே!"

"வராம இருப்பேனா!"

ஆரஞ்சு வண்டி உறுமிக்கொண்டு தெருவில் திரும்பி மறைந்தது. ரொவீனா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன டயர் வேணும்?"

"இப்ப வேணாம் தாயி. கண் நிறைஞ்சு போச்சு."

மெர்ல் கடைக்குப் பின்னால் நடந்தார். அங்கே அவருடைய பிக்கப் நின்றது. அதோடு கோத்த ட்ரெய்லரில் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று. அதன் பின் டயர் மட்டும் வெளியே தெரிந்தது. வரிப்பள்ளமே இல்லாத வழுவழு டயர். மெர்ல் அதைச் செல்லமாகத் தட்டிவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"சனிக்கிழமை ராத்திரி நம்ம வண்டியை ட்ரெய்லர்ல நீ இழுத்துட்டு வந்துடு. ஆரஞ்சு வண்டியை நான் ஓட்டிட்டு வரேன், மழையில வழுக்காத டயரா பார்த்துப் போட வச்சுட்டேன்."