சிஸ்டம் ஏத்துக்கல சார்

"லீவா? கப்பல் வந்து நிக்குது, லீவு கேக்குறியா? மீஞ்சூர் லோடை ஏத்திக்கிட்டுக் கிளம்புய்யா!"

மேனேஜர் அலெக்ஸாண்டர் போட்ட சத்தத்தில் தண்டையார்பேட்டை குடோனே ஒருமுறை அதிர்ந்தது.

டிரைவர் சவரிநாதன் அழாத குறை. "நேத்து நீதானே சார் லீவு குட்த்த? சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோயில்ல பொண்ணுக்குக் கல்யாணம் கீது சார்!"

"காலைல ஹெட் ஆபீஸ் எல்லா லீவையும் கேன்சல் பண்ணிடுச்சு. மகிழினி, இவன் டிரிப்பைப் போடும்மா!"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மகிழினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளெல்லாம் மனுஷனா? முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள்.

'ஏற்க முடியாது' என்றது திரை.

மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பதில்.

டேட்டாபேஸில் டிரிப்புகளைச் சரிபார்க்கும் அந்தச் செக்கைப் போட்டவளே அவள்தான். எந்த டிரிப்பாக இருந்தாலும் அவள் எழுதிய ஃபங்ஷனை, அதாவது ஒரு குட்டி புரோகிராமைக் கேட்டுத்தான் உள்ளே விடும். லைசென்ஸ் இருக்கிறதா, எட்டு மணி நேரம் ஓய்வு எடுத்தாரா, அவ்வளவுதான் அதன் கேள்வி. போன வாரம் அலெக்ஸாண்டர்கூட நோட்டும் பேனாவுமாக வந்து, "ஃபங்ஷன் எப்படிம்மா எழுதுறது?" என்று கேட்டார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

சவரிநாதனுக்கு இரண்டும் சரியாகத்தான் இருந்தன. அப்புறம் என்ன கேடு?

"நான் போறேன் சார்" என்றார் பக்கத்தில் நின்ற இன்னொரு டிரைவர் வில்சன். அவர் பெயரைப் போட்டதும் சர்ரென்று உள்ளே போனது.

அலெக்ஸாண்டர் ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டார். "சிஸ்டம் சவரிநாதனை ஏத்துக்கல சார். நான் என்ன சார் பண்றது? வில்சனை அனுப்புறேன்."

சவரிநாதன் இருந்த இடத்திலேயே ஒரு குத்தாட்டம் போட்டார். "யம்மா மகிழினி, உன் மெசினு நூறு வருசம் நல்லா இருக்கணும்!" அடுத்த நொடி ஆளைக் காணோம். மகிழினி சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதே! எப்ப சரியாகும்னு ஹெட் ஆபீஸ் கேக்குது" என்று போனை நீட்டினார் அலெக்ஸாண்டர்.

மகிழினி அவசரமாக ஃபங்ஷனைத் திறந்தாள். படித்தாள். பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை விழுங்கிவிட்டுப் போனை வாங்கினாள்.

"பெரிய கோளாறு சார். நாளைக்குக் காலைல சரியாயிடும்."

அவள் எழுதிய இரண்டு வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: சவரிநாதனுக்கு இன்று மட்டும் டிரிப் கூடாது. அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு:

'நீ டீ குடிக்கப் போனப்ப எழுதினேன். நாளைக்கு எடுத்துடும்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல பயங்கரமா கத்துவேன், மன்னிச்சுக்கோ. அலெக்ஸாண்டர்.'