பொத்தான் வைத்த கால்சட்டை

ஹாலந்தின் ஹோர்ன் துறைமுகத்தில், படப்பிடிப்புக்காக மேகம் விலகக் காத்து நிற்கிறோம். படத்தின் கதை 1650இல் நடக்கிறது. அந்தக் காலத்து ஹாலந்துப் பையன்கள் ஆறேழு வயதுவரை பாவாடைதான் கட்டினார்கள் என்று, இதில் நடிக்கும் ஐந்து வயது யெல்மருக்கும் ஒன்று தைத்து வந்திருக்கிறாள் உடை வடிவமைப்பாளர் வீட்ஸ்கா. இயக்குநர் ரைனௌட்டுக்கு அது பிடிக்கவில்லை.

"பாக்கறவன் பொண்ணுன்னு நெனைப்பான். கால்சட்டையே மாட்டு."

"அப்ப டைட்டில்ல எம் பேரை எடுத்துடு."

"எடுத்தாச்சு, போ."

இருக்கும் ஒரே கால்சட்டையைப் பையனுக்கு மாட்டி, முன்பக்கத்துப் பதினொரு பொத்தான்களையும் போடுகிறாள். வெளிச்சத்தைத் திருப்ப நான் பிடித்திருக்கும் வெள்ளைத் திரை காற்றில் படபடக்கிறது. படகுகளின் கயிறுகள் பாய்மரத்தில் ஓயாமல் தட்டுகின்றன. ரைனௌட் வானத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். யெல்மர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குக் குதிக்கிறான்.

"எனக்கு அவசரமா வருது."

வீட்ஸ்கா மண்டியிட்டுப் பொத்தான்களைக் கழற்றுகிறாள். புதுத் துணி, துளைகள் இறுக்கமாக இருக்கின்றன. நாலாவது பொத்தானிலேயே பையன் அழத் தொடங்குகிறான். சாம்பல் நிறக் கம்பளித் துணி முழங்கால்வரை நனைந்து கறுக்கிறது.

அந்த நேரம் பார்த்து வெயில் வருகிறது. தண்ணீர் தகடாக மின்னுகிறது.

"பத்து நிமிஷம்தான் நிக்கும்," என்கிறார் ஒளிப்பதிவாளர்.

ரைனௌட் வீட்ஸ்காவின் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்: "சரி, பாவாடையையே கட்டி விடு."

யெல்மர் மூக்கை உறிஞ்சியபடி குனிந்து பார்க்கிறான். "இதுல பொத்தான் இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லடா கண்ணா."

யாரும் சொல்லுமுன்பே, பாவாடை காற்றில் உப்ப, அவன் கரையோரம் ஓடுகிறான். ஒளிப்பதிவாளர் அவசரமாகக் கேமராவைத் திருப்புகிறார்.